அடுத்த ஃபோல்டரில் அக்கா குரல்

தம்பி டாக்ஸி ஓட்டுகிறான். அக்காவுக்கு மருத்துவமனை ஒன்றில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலை. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கணினி வாசித்துச் சொல்லச் சொல்ல, தம்பியைவிட வேகமாகத் தட்டி வேலையை முடித்துவிடுவாள். டாக்ஸிக்குப் பென்டிரைவில் பாட்டு ஏற்றிக் கொடுப்பதும் அவள்தான்.

ஒருநாள் மாலை அவன் வந்த வேகத்தில் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"என்னடா, சாவியக்கூட ஆணியில மாட்டாம உக்காந்துட்டே?"

"வண்டிய இடிச்சிட்டேன்க்கா. நின்னுட்டிருந்த ஸ்கூட்டர் மேல. பின்னாடி இருந்தவர் பழைய பாட்டு கேட்டாரு. ஸ்டீரியோவுல எழுத்து எறும்பு மாதிரி ஊருது. எந்த ஃபோல்டர்னு குனிஞ்சு பாத்தேன், அவ்வளவுதான்."

"யாருக்காவது அடியா?"

"இல்ல. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அக்கா மடிக்கணினியைத் திறந்தாள். பிறகு, "பாக்காம தேடுறது எப்படின்னு என்கிட்ட கேக்காம வேற யார்கிட்டடா கேப்பே?" என்றாள்.

ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தன் குரலை ஒருவரி பதிவு செய்தாள். 'பழைய மெலடி.' 'மழைக்கு ஏத்த பாட்டு.' 'குழந்தை அழுதா இது.' 'பாட்டே வேண்டாம், வெறும் புல்லாங்குழல்.' தன் குரல் முதலில் வரட்டும் என்று எல்லாவற்றுக்கும் பெயரில் ஒன்று என்று எண் போட்டு, இருந்த பாட்டுகளோடு சேர்த்தாள்.

மறுநாள் வண்டியில் போட்டால் ஒவ்வொரு ஃபோல்டரிலும் பாட்டுகள் எல்லாம் ஓடி முடிந்த பிறகுதான் அவள் குரல் வந்தது.

"பஸ் போனப்புறம் கை காட்டுற மாதிரி இருக்குக்கா" என்று தம்பி சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. விடுமுறை நாள் முழுவதும் மடிக்கணினியோடு டாக்ஸியின் முன் இருக்கையிலேயே இருந்தாள். பெயரை மாற்றினாள், எண்ணை மாற்றினாள். ஸ்டீரியோ அசைந்து கொடுக்கவில்லை. சாயங்காலம்தான் அதன் குணம் பிடிபட்டது. அது பெயரையே பார்ப்பதில்லை. பென்டிரைவில் எது முதலில் ஏறியதோ அதை முதலில் பாடுகிறது. உடனே எல்லாவற்றையும் அழித்து, முதலில் தன் குரல், பின்னால் பாட்டுகள் என்று ஏற்றினாள்.

தம்பி எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, ஃபோல்டர் மாற்றும் பொத்தானை அழுத்தினான். 'பழைய மெலடி' என்றாள் அக்கா, ஸ்டீரியோவுக்குள்ளிருந்து. இன்னொரு தடவை அழுத்தினான். திரை பக்கம் கண் போகவே இல்லை.

"சாதிச்சுட்டேக்கா" என்றான்.

டாக்ஸி ஸ்டாண்டில் ஒருவர் அதேபோல் ஒரு பென்டிரைவ் கேட்டு வாங்கினார், பிறகு இன்னொருவர். யார் செய்தது என்று யாரும் கேட்காமலே, "எங்க அக்கா பண்ணது" என்று சொல்லித்தான் தம்பி கொடுத்தான்.

ஒருமுறை அவன் வெளியூர் சவாரி போயிருந்தபோது, மழையில் அக்கா வேறொரு டாக்ஸியில் வீட்டுக்குக் கிளம்பினாள். ஓட்டுநர் பொத்தானை அழுத்தினார். 'மழைக்கு ஏத்த பாட்டு' என்றது அவள் குரல். அவளுக்குக் கன்னமெல்லாம் சூடாகிவிட்டது.

"யாருங்க இது, நடுவுல பேசறது?" என்று ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்.

"எங்க ஸ்டாண்ட்ல ஒரு பையனோட அக்காதாம்மா. இப்ப எங்க வண்டி எல்லாத்துலயும் அவங்கதான். ரோட்டுல இருந்து கண்ண எடுக்க வேண்டாம் பாருங்க. அவன் அக்கா பேச்ச எடுத்தா விடவே மாட்டான்." சட்டென்று வண்டியின் வேகம் குறைந்தது. "அம்மா, இன்னொரு தடவை பேசுங்க."

"என்னத்தப் பேசறது?"

"நீங்கதானா அது."

வாசலில் அவரே இறங்கிவந்து கதவைத் திறந்தார். அதுவரை அம்மா என்றவர், "பாத்து இறங்குங்கக்கா" என்றார்.

தம்பி ஊர் திரும்பியதும் அக்கா நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஆனா அந்த மழைப் பாட்டுல எனக்கு மூக்கடைச்ச குரல்டா. எல்லார்கிட்டயும் பென்டிரைவ வாங்கிட்டு வா, மாத்தித் தரேன். ஊர் பூரா நான் அப்படியா பேசிட்டுத் திரியறது?"