மோர்ஸ் டெஸ்ட் வேண்டாம்

மோனிஷா மைக்கை அப்பா ஜெயபாண்டியின் உதட்டோரம் பிடித்தாள். காற்றுதான் வந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். இன்று விடிந்ததிலிருந்து குரலும் இல்லை.

ஊர் விட்டு ஊர் பேசும் ஹாம் ரேடியோவில் அப்பாவின் நண்பர் சாமளாபுரம் ஞானசம்பந்தம் விடுவதாயில்லை. "ஏனுங்க ஜெயபாண்டி, பதிலே காணோம்? மோர்ஸ் டெஸ்ட் பாஸ் பண்ணாதவனுக்கு ஹாம் லைசென்சே குடுக்கக் கூடாதுங்கறேன். ஒத்துக்கறீங்ளா?"

ஞாயிறு தவறாமல் நடக்கும் சண்டை. தந்தி போலக் கட்டையைத் தட்டி எழுத்துகளை பீப் ஒலியாக அனுப்பும் அந்த டெஸ்டில், பனியன் கம்பெனி மெக்கானிக்கான அப்பா பலமுறை தோற்றுத்தான் தேறியிருந்தார். மகளுக்கு டெஸ்ட் கேட்காத சின்ன லைசென்சை வாங்கிக் கொடுத்துவிட்டு, "வாய் இருக்க புள்ளைக்கு கட்டை எதுக்குய்யா?" என்று மைக்கில் முழங்குவார்.

இப்போது அவர் விரல் அலமாரியைக் காட்டியது.

"அந்தக் கட்டையவா கேக்குறீக? பழைய இரும்புக்குப் போடச் சொன்னீகளே!" அம்மா சித்ரகலா தூசி தட்டி, அதை அவர் கைக்கடியில் வைத்தாள்.

விரல் அழுத்தியது. கட்டை பீப், பீப் என்றது. மோனிஷா மைக்கை அதனருகே கொண்டுபோனாள். ஓர் எழுத்தும் விளங்கவில்லை. அப்பா கடைசியாகச் சொல்வது தனக்குத் தெரியாமலே போய்விடுமோ என்று மைக்கைத் தன் வாயருகே இழுத்தாள்.

"மாமா, அப்பா என்னங்க சொல்றாரு? எனக்கு ஒண்ணும் புரியலீங்க."

ரேடியோ வெடித்துச் சிரித்தது. "டெஸ்ட் வேண்டாம்ங்கறாரு கண்ணு! அதையும் மோர்ஸ்லயே! ஒரு எழுத்துப் பெசகல!"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அப்பாவின் தோளும் அசைந்தது. விரல் மறுபடி தட்டியது, மெல்ல, விட்டு விட்டு.

மோனிஷா மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"மாமா?"

"'மகளுக்கு நீ படிச்சுச் சொல்லு'ங்கறாரு கண்ணு." குரலை உயர்த்தினார். "பாத்தியா, என்னையே வேலைக்கு வெச்சுட்டாரு! அதுக்காவ நான் உட்ருவனா? கேளுங்க ஜெயபாண்டி, புயல், வெள்ளம்னு வந்தா..."

விரல் கட்டையிலிருந்து சரிந்தது. அம்மா அவர் நெஞ்சில் கை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். பிறகு அவர் கண்களை மூடிவிட்டாள்.

மோனிஷா கட்டைவிரலை மைக் பொத்தானில் வைத்தாள். "அம்மா, மாமாகிட்ட சொல்லிரவா?"

அம்மா தலையசைத்து மறுத்தாள். "அவுக பேசி முடிக்கட்டும்."

"...பேச்சு கேக்காத எடத்துலயும் கட்டை கேக்குமுங்க! அதையும் இல்லைம்பீங்களா? சரி, அடுத்ததச் சொல்றேன்..."

அம்மா எட்டி, ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.