பதினேழாம் எண் மாடு

"கையை எடு, கிறிஸ்பின்! அந்தப் பட்டனைத் தொட்டே, கொன்னுடுவேன்!"

கதவு சுவரில் மோதித் திரும்பியது. வாசலில் சுனில்டா கபான்யாஸ் மூச்சிரைக்க நின்றாள். மூன்று மாடியும் ஓடியே ஏறி வந்திருக்கிறாள். எங்கள் அசுன்சியோனில் ஜனவரிதான் உச்சக் கோடை; அந்த வெயிலில் நாய்கூட ஓடாது.

என் விரல் மவுஸின் மேல் இருந்தது. ஒரே ஓர் அழுத்து அழுத்தினால் போதும், எங்கள் புள்ளியியல் ஆய்விதழின் பொன்விழா மலர் இணையத்தில் ஏறிவிடும்.

"என் கட்டுரையைத் தூக்கு."

"எதை?"

"என்னோடதைத்தான். இப்பவே தூக்கு."

"வெயில் மூளைக்கு ஏறிடுச்சா உனக்கு?"

நான் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. ஒன்பது வருஷமாக இந்தப் பல்கலைக்கழகத்தில் மணிக்கணக்குச் சம்பளத்தில் வகுப்பெடுப்பவள் அவள். நாளைக் காலை தேர்வுக் குழு கூடுகிறது. இந்த மலரில் அவள் கட்டுரை இருந்தால் நிரந்தர வேலை. இல்லையென்றால் இந்த மாதத்தோடு வீட்டுக்கு.

"அது தப்பு, கிறிஸ்பின்."

"எல்லாக் கட்டுரையிலும்தான் தப்பு இருக்கும். அதைத் திருத்தத்தானே அடுத்த கட்டுரை எழுதுறீங்க?"

"என்னோடது மட்டும் இல்ல. அம்பது வருஷமா வந்தது எல்லாமே தப்பு. பதினேழைப் பத்தி எழுதின ஒவ்வொரு வரியும்."

நான் திறந்திருந்த கதவைப் பார்த்தேன். இந்தக் கட்டடத்தில் கடவுளைப் பற்றி எது வேண்டுமானாலும் பேசலாம். பதினேழைப் பற்றிப் பேசக்கூடாது.

எங்கள் இதழைத் தொடங்கியவர் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஒருநாள் பால் கணக்கை வாங்கிவந்து, முதல் இதழில் ஒரு அட்டவணையாகப் போட்டார். நாற்பது வரி. வரிக்கு ஒரு மாடு. எல்லா மாடும் எட்டிலிருந்து பதின்மூன்று லிட்டர் வரை கறந்திருந்தன. பதினேழாம் எண் மாடு மட்டும் முப்பத்தொரு லிட்டர்.

அவ்வளவுதான். அந்த ஒரு மடியைக் கறந்தே எங்கள் இதழ் ஐம்பது வருஷம் கொழுத்தது.

இருபத்திரண்டு வருஷமாகப் பக்கம் வடிவமைக்கிறேன். எனக்குப் புள்ளியியல் தெரியாது, ஆனால் எந்தக் காற்று எப்போது வீசியது என்று தலைப்புகளைப் பார்த்தே சொல்வேன். நான் சேர்ந்தபோது பேயஸ் முறைக் காற்று. மாட்டைப் பார்ப்பதற்கு முன்பே மாட்டைப் பற்றி உங்கள் நம்பிக்கை என்ன என்று ஆளாளுக்கு எழுதினார்கள். பிறகு விடுபட்ட தகவல் காற்று. அட்டவணையில் பதினேழுக்கு நேரே உரிமையாளர் பெயர் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பற்றி மட்டும் பதினோரு கட்டுரை, இரண்டு முனைவர் பட்டம். அப்புறம் பெருந்தரவு வந்தது. நாற்பது மாட்டைக் கம்ப்யூட்டருக்குள் விட்டு நாலு லட்சமாகப் பெருக்கினார்கள். போன வருஷம் ஆழ்கற்றல். ஒரு இயந்திரம் மூன்று வாரம் யோசித்து, பதினேழு ஒரு மாடுதான் என்று தொண்ணூற்றெட்டு சதவீத உறுதியோடு சொன்னது. அதற்குச் சிறந்த கட்டுரைப் பரிசு கொடுத்தோம்.

ஒரே ஒருவர் துணிந்து பதினேழை விட்டுவிட்டு மீதியை மட்டும் ஆராய்ந்தார். 'கட்டுரையாளருக்கு நாட்டுப்பற்று போதாது' என்று மதிப்பீட்டாளர் எழுதித் திருப்பி அனுப்பினார்.

சுனில்டாவின் கட்டுரை இந்தக் காற்றுகளை எல்லாம் தொகுத்து எழுதியது. தலைப்பு, 'பதினேழும் நாமும்: ஐம்பது ஆண்டு ஆய்வுப் போக்குகள்.' மலரின் முதல் கட்டுரையே அதுதான்.

"அப்படி என்னதான் கண்டுபிடிச்சே?" என்றேன்.

"ஆசிரியர்கிட்ட சொல்லிட்டு உனக்குச் சொல்றேன். இப்ப சொன்னா உன்னையும் சேர்த்து உரிப்பாங்க."

"யாரை உரிக்கிறாங்க?"

டாக்டர் எலாடியோ ரிக்கெல்மே வாசலில் நின்றார். இதழாசிரியர். நாளைய தேர்வுக் குழுவின் தலைவரும் அவரே. விழாவுக்காகப் பூத்தையல் போட்ட வெள்ளைச் சட்டை, ஒரு கையில் ஐஸ் தண்ணீர் பிளாஸ்க், மறு கையில் அதை ஊற்றி உறிஞ்சும் தெரெரே இலைக் குவளை. குவளையின் உறிஞ்சுகுழல் வாயில் இல்லாத நேரத்தில்தான் அவர் பேசுவார்.

"டாக்டர், பதினேழு…"

"உள்ளே வாம்மா." அவர் சிரிப்பு மாறவில்லை. "அந்தப் பேரைத் தாழ்வாரத்துல சொல்லாதே. கீழே விருந்தாளிங்க இருக்காங்க."

கண்ணாடி அறைக்குள் போனார்கள். ஏசி இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பார்க்க மட்டும் முடிந்தது. சுனில்டா எதையோ சொன்னாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. டாக்டரின் வாயிலிருந்து உறிஞ்சுகுழல் நழுவி, வெள்ளைச் சட்டையில் பச்சைச் சாறு கோடு போட்டது.

அவர் எழுந்துவந்து ஏசியை அணைத்தார். காதில் விழுந்தது சரிதானா என்ற சந்தேகம்போல. இப்போது எனக்கு எல்லாம் கேட்டது.

"எந்த முறையில கண்டுபிடிச்சே?"

"நேத்து கரண்ட் போயிடுச்சு, டாக்டர். கம்ப்யூட்டர் இல்ல. பென்சிலை எடுத்தேன்."

"பென்சில்." அந்தச் சொல்லை அவர் கெட்ட வார்த்தைபோல உச்சரித்தார். "அதுக்கு மேற்கோள் என்ன காட்டுவே? மதிப்பீட்டாளர் கேப்பாரே?"

"இதுக்கு மேற்கோள் எதுக்கு? ஒரே வரிதானே?"

"அதாம்மா சிக்கலே! ஒரு வரியை எந்த இதழ் போடும்? இருபது பக்கமாவது வேண்டாமா? இப்ப என்ன காத்து அடிக்குது? செயற்கை நுண்ணறிவு. உன் வரியை அதுல ஊறப்போடு. அஞ்சு கட்டுரை தேறும். ஒண்ணுல என் பேரையும் சேத்துக்கோ."

"இது உண்மை, டாக்டர்."

"யாரு இல்லேன்னா? உண்மை எங்கேயும் ஓடிப்போயிடாது. வேலை ஓடிப்போயிடும். நாளைக்குக் குழு. ஒன்பது வருஷம் காத்திருந்தே, இன்னும் ஒருநாள் வாயை மூடிக்கிட்டு இரேன்." குவளையில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். "முதல்ல இதைக் குடி. முகம் எப்படி வாடிக்கிடக்கு பாரு."

அவள் குடித்தாள். காலிக் குவளையைத் திருப்பிக் கொடுத்து, "நன்றி" என்றாள்.

டாக்டர் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஏத்து, கிறிஸ்பின்."

நான் சுனில்டாவைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். நானும் மாசச் சம்பளக்காரன்தான். அழுத்திவிட்டேன்.

கீழே முற்றத்தில் காவல்துறை வாத்தியக் குழு போல்கா வாசித்துக்கொண்டிருந்தது. அமைச்சகத்து அதிகாரி துணியை இழுத்தார். ஆளுயரப் பீடத்தில் சாந்து மாடு ஒன்று வெளிப்பட்டது. சிற்பி முப்பத்தொரு லிட்டருக்கும் இடம் விட்டு மடியைச் செய்திருந்தார். மாட்டைவிட மடி பெரிது. புவெனஸ் ஐரஸிலிருந்து வந்த பேராசிரியர் மாலை போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதினேழு நம் எல்லாருக்கும் தாய்" என்றார். முன்னூறு புள்ளியியலாளர்கள் சீபா ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார்கள்.

டாக்டர் எலாடியோ மைக்கைப் பிடித்தார். சட்டைக் கறையைத் தோளில் போட்ட விழாப் பட்டை மறைத்திருந்தது. "அடுத்து, ஆய்வுப் போக்குகள் பத்தி நம்ம சுனில்டா அஞ்சு நிமிஷம் பேசுவாங்க. நாளையிலேர்ந்து நம்ம நிரந்தர சகா! இதை நான் இன்னைக்குச் சொல்லக்கூடாது, சொல்லிட்டேன்."

சிரிப்பு. கைதட்டல். சுனில்டா மேடை ஏறினாள். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"முதல் இதழ் அட்டவணை எல்லாருக்கும் மனப்பாடம். பதினாலாம் மாடு, ஒன்பது லிட்டர். பதினஞ்சு, பத்து லிட்டர். பதினாறு, பன்னிரண்டு. தயவுசெஞ்சு மூணையும் கூட்டுங்க."

முற்றத்தில் குழப்பம். யாரும் கூட்டவில்லை.

"எந்த மென்பொருள்ல?" என்றது மூன்றாம் வரிசை.

"மாதிரி அளவு மூணுதானா? ரொம்பக் கம்மியாச்சேம்மா!" என்றது பின்வரிசை.

"விரல் விட்டுக் கூட்டுங்க, சார்."

டாக்டர் எலாடியோ எழுந்துவிட்டார். "வேண்டாம்மா. நாளைக்குக் குழு இருக்கு, மறந்துடாதே." தன் கையிலிருந்த மைக்கை அணைக்க மறந்திருந்தார். ஊருக்கே கேட்டது.

"நாளைக்கு வேற ஆளை எடுத்துக்கோங்க, டாக்டர்." அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "என் கட்டுரையை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். எல்லாரும் கேட்டுக்கோங்க."

அமைச்சகத்து அதிகாரி மட்டும் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். வகுப்பில் முதலில் கை தூக்கும் மாணவனைப்போல நிமிர்ந்தார்.

"முப்பத்தொண்ணு!" என்றார். "சரிதானே?"

முன்னூறு வாய்களும் மெல்லுவதை நிறுத்தின.

"சரிதான், சார்," என்றாள் சுனில்டா. "அந்த மூணும் கன்னியர் மடத்து மாடுங்க. சங்கத்துல மத்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு மாடு, மடத்துக்கு மட்டும் மூணு. அதனால கணக்கு எழுதினவர் அவங்களுக்கு மட்டும் கீழே இன்னொரு வரி எழுதியிருக்கார். நம்ம ஆளுங்க அச்சுல போடும்போது அதுக்கும் ஒரு நம்பர் போட்டுட்டாங்க."

அவள் திரும்பி, பீடத்தில் நின்ற சாந்து மாட்டைப் பார்த்தாள்.

"பதினேழுன்னு ஒரு மாடே கிடையாது. அது மேலே இருக்கிற மூணு மாட்டோட மொத்தம்."