ஒரு கண் திறந்த ஜெபம்

தையல்கடையைத் திறந்ததும் முதல் வேலை ஜெபம்தான். துணி வெட்டும் மேசையைச் சுற்றிக் கடைக்கார அக்காவும் அவரிடம் வேலை பார்க்கும் மூன்று பெண்களும் தலை குனிந்து நிற்பார்கள். பிறகுதான் மெஷின் ஓடும். ஆலயப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிறவர் அல்லவா, அக்காவுக்கு ஜெபம் மடைதிறந்த வெள்ளமாக வரும்.

அன்று அந்த வெள்ளம் ஒரே பக்கமாகப் பாய்ந்தது.

"ஆண்டவரே, நேத்துலேர்ந்து பெரிய கத்தரிக்கோலைக் காணோம். யார் எடுத்தாங்கன்னு உமக்குத் தெரியும். எங்க நடுவுல நிக்கிற அந்த ஒருத்தியோட கல்மனசை உடைச்சுப் போடும்!"

சொல்லும்போதே அக்காவின் இடது கண் மெல்லத் திறந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, யார் நெளிகிறார்கள்? பார்வை நேராகப் பட்டன் தைக்கிறவளிடம் போய் நின்றது. வேலைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதிர்ந்து பேசமாட்டாள். சாப்பிடும்போதுகூடப் பையை மடியைவிட்டு இறக்கமாட்டாள். அக்கா மனசுக்குள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஊமைக்குசும்பு.

நாள் முழுக்க அவளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். எழுந்தால் சந்தேகம், உட்கார்ந்தால் சந்தேகம். தண்ணீர் குடிக்கப் போனவள் கொஞ்சம் தாமதித்ததும், பின்வாசலில் யாரிடமாவது கைமாற்றுகிறாளோ என்று எட்டிப் பார்த்தார். சாயங்காலம் பொறுக்க முடியவில்லை.

"பையைக் கொஞ்சம் காட்டு."

மற்ற இருவரும் மெஷினை நிறுத்திவிட்டார்கள். அவள் பையை மேசைமேல் கவிழ்த்தாள். டிபன் டப்பா, சீப்பு, படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு வாங்கிய மருந்துப் பாட்டில். அவ்வளவுதான்.

பை காலி, அக்காவின் சந்தேகம் மட்டும் காலியாகவில்லை. "கத்தரிக்கோல் கிடைக்கிற வரைக்கும் நீ வரவேண்டாம்மா."

"திருடின்னு அனுப்பினா இந்தத் தெருவுல வேற யாரு என்னைச் சேர்த்துக்குவாங்க, அக்கா?"

"அதை ஜெபத்துல வை."

அவள் போய் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஆலயக் காவலாளி போன் செய்தார். "அக்கா, நேத்து நீங்க தைச்சு அனுப்பின பாடகர் அங்கி மூட்டையைப் பிரிச்சேன். உள்ளே பெரிய கத்தரிக்கோல் ஒண்ணு கிடக்கு. உங்களதா?"

அந்த மூட்டையைக் கட்டியது அக்காவேதான். மனசு உடனே குறுக்குவழி சொன்னது: சத்தமில்லாமல் கொண்டுவந்து மேசைக்கடியில் போட்டுவிடு, 'கிடைச்சிடுச்சு, ஸ்தோத்திரம்' என்று முடித்துவிடு. யாருக்குத் தெரியப்போகிறது? அடேயப்பா, நம் மனசுக்குத்தான் எத்தனை சாமர்த்தியம்! ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்துவிட்டு, காலையில் பட்டன் தைக்கிறவளுக்கு ஆள் அனுப்பினார்.

நால்வரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். அக்கா கண்களை இறுக மூடினார். "ஆண்டவரே, உம்முடைய பிள்ளை நான் தெரியாம ஒரு தப்பு பண்ணிட்டேன்..."

"அக்கா." பட்டன் தைக்கிறவள்தான். அந்தக் கடையில் ஜெபத்துக்கு நடுவே இதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. "அவர்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம். நீங்க சந்தேகப்பட்டது என்னை. என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

அக்கா கண்ணைத் திறந்தார். ஆயிரம் பேர் முன்னால் பாடியவருக்கு ஒருத்தி முன்னால் குரல் எழும்பவில்லை.

"கத்தரிக்கோலை அங்கி மூட்டையில வச்சுக் கட்டினது நான்தாம்மா. உன்மேல வீணா பழி போட்டேன். என்னை மன்னிச்சிடு."

அவள் பட்டன் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மன்னிச்சிட்டேன்கா. ஆனா ஒண்ணு. ஆறு நாள் வாழ்ந்து காட்டாத விசுவாசத்தை ஏழாம் நாள் பாடி என்ன பிரயோஜனம்?"