டி.வி.க்காரரின் விதவை

லிஃப்ட்டக்காவுக்கு ஒரு நாளைக்குப் பதினோரு அழைப்புகள் வந்தன. அதில் பத்து, டி.வி.க்காரருக்கு.

டி.வி.க்காரரை அக்கா பார்த்ததே இல்லை. சுவரை மறைக்கும் அளவுக்கு ஒரு டி.வி.யைக் கடனில் வாங்கிவிட்டு, தவணையையும் கைப்பேசி எண்ணையும் ஒரே நாளில் கைவிட்ட புண்ணியவான் அவர். அந்த எண் எங்கெங்கோ சுற்றி, லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி வழியாக, அங்கே மெக்கானிக்காக இருக்கும் அக்காவின் கைக்கு வந்து சேர்ந்தது. டி.வி. மட்டும் வரவில்லை.

எண்ணை மாற்றித் தொலைக்கலாம் என்றால், அதை முப்பத்தெட்டு லிஃப்ட்டுகளுக்குள் தகட்டில் பொறித்து, ‘மாட்டிக்கொண்டால் அழைக்கவும்’ என்று ஆணி அடித்திருந்தார்கள். தெரியாத எண்களை எடுக்காமல் விடலாம் என்றால், மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லாருமே தெரியாதவர்கள். தெரிந்தவர்கள் படியேறிப் போய்விடுவார்கள். டி.வி. கடனை வசூலிக்கும் கம்பெனியோ ஒவ்வொரு முறையும் புதுப்புது எண்ணிலிருந்து கூப்பிட்டது.

அந்த மாதத்தில் இரண்டு முறை, அக்கா டி.வி.க்காரர் விஷயமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது, நிஜமாகவே மாட்டிக்கொண்டவர்களுக்கு லைன் கிடைக்கவில்லை. ஒருவர் நாற்பது நிமிடம் தன் நாயோடு பொறுமையாக நின்றிருக்கிறார். நாய் அவ்வளவு பொறுமை காட்டவில்லை என்பது லிஃப்ட்டைக் கழுவியவர் சொன்ன தகவல்.

மேற்பார்வையாளர் சுருக்கமாக முடித்துக்கொண்டார். “இன்னொரு தடவை லைன் பிசின்னு புகார் வந்தா, ஸ்டோர் ரூம்ல உட்கார்ந்து போல்ட் எண்ணுங்க.”

அக்காவின் கணவர் பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் இருப்பவர். ‘வலிக்கவே வலிக்காது’ என்று தினம் நாற்பது பேரிடம் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை வசூல் அழைப்பு வந்ததும் அவர் போனைப் பிடுங்கி, குரலைத் தழுதழுக்க வைத்து, “அவர் போய்ச் சேர்ந்துட்டாருங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

“முடிஞ்சது கதை. செத்தவன்கிட்ட எவன் வசூல் பண்ணுவான்?”

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. ஒரு பெண் குரல். “ஆழ்ந்த அனுதாபங்கள் மேடம். மீதித் தவணையை நீங்க எப்ப கட்டுறீங்க?”

“நான் எதுக்கும்மா கட்டணும்?”

“நீங்கதானே அவரோட சம்சாரம்?”

அக்கா கணவரைப் பார்த்தார். கணவர் சட்டைப் பொத்தானை அளவுக்கு மீறிய அக்கறையோடு மாட்டிக்கொண்டிருந்தார்.

கத்த எடுத்த வாயை அக்கா மூடிக்கொண்டார். நின்றுபோன லிஃப்ட்டின் கதவை உதைக்கிறவர்களை அவர் பதினாறு வருஷமாகப் பார்க்கிறார். உதைத்துத் திறந்த கதவு ஒன்றுகூடக் கிடையாது. பெட்டியைத் திறந்து, எந்த ஒயர் எங்கே போய்த் திரும்பி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

“ஏம்மா, நான் போனை வெச்சதும் உங்க கம்ப்யூட்டர்ல என்ன போடுவீங்க?”

இப்படி ஒரு கேள்வியை அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்டதில்லை போலும். “மூணு கட்டம் இருக்கு மேடம். ‘கட்டுறேன்னார்’, ‘டைம் கேட்டார்’, ‘எடுக்கலை’.”

“‘ஆளே இவர் இல்லை’ன்னு ஒரு கட்டம்?”

“அது இல்லையே. அதனால ‘டைம் கேட்டார்’னு போட்டுடுவோம். போட்டா, சரியா ஒரு மணி நேரத்துல அதுவே மறுபடி கூப்பிடும்.”

ஆக, இரண்டு மாதமாக அக்கா போட்ட கூச்சல் அத்தனையும் அங்கே பணிவான அவகாச விண்ணப்பமாக ஏறியிருந்தது.

“இதை யாரு மாத்தலாம்?”

“குறைதீர்ப்புப் பிரிவுல. எழுதி நேர்ல குடுக்கணும். விலாசம் கேட்டா நாங்க சொல்லியே ஆகணும் மேடம். ஆனா யாரு கேட்கிறா? திட்டிட்டு வெச்சிடுறாங்க.”

“நான் கேட்கிறேன். சொல்லு.”

அக்காவுக்குக் கடிதம் எழுத வராது. பழுது அறிக்கை எழுத வரும். பழுது: யாரோ வாங்கிய கடனுக்கு மணிக்கொரு அழைப்பு. காரணம்: எண் கை மாறியது. செய்ய வேண்டியது: எண்ணை நீக்கி, நீக்கியதை எழுத்தில் தருவது. எண் தனக்கு வந்த தேதிக்கு லிஃப்ட் கம்பெனியின் சான்றையும் இணைத்தார். கடைசி வரி: ‘ஞாயிறன்று தெரிவித்த மரணம் என் கணவரின் கற்பனை.’

“அதையுமா எழுதணும்?” என்றார் கணவர்.

“குறுக்கு ஒயர் குடுத்தவங்கதாங்க பிடுங்கணும். கையெழுத்தைப் போடுங்க.”

மறுநாள் பகல் பன்னிரண்டு ஐம்பதுக்கு அக்கா குறைதீர்ப்பு அதிகாரியின் கண்ணாடித் தடுப்புக்கு முன் நின்றார்.

“வாடிக்கையாளர் எண்?”

“நான் உங்க வாடிக்கையாளரே இல்லை சார். அதான் புகாரே.”

“எண் இல்லாம புகார் வாங்க முடியாதும்மா.”

“எண் இருந்தா நான் கடன்காரி ஆயிடுவேனே.”

“அப்போ ஒண்ணும் பண்றதுக்கில்லை.”

அக்கா அசரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முள் ஒரு மணியைத் தொட்டது, போன் அடித்தது. எடுத்தார், கேட்டார், தடுப்புக்கு அடியில் நீட்டினார்.

“உங்களுக்குத்தான் சார்.”

அதிகாரி வாங்கினார். “ஹலோ... இல்லைம்மா, நான் அவர் இல்லை... நானும் நம்ம கம்பெனிதான், கீழ்மாடி... நிஜமாத்தான்... அவருக்குச் சொந்தக்காரனும் இல்லை! ... ஐயோ, டைம் எல்லாம் கேட்கலைம்மா!”

“சீக்கிரம் சார்,” என்றார் அக்கா. “லைன் பிசியா இருக்கு. உள்ளே எவராவது மாட்டிக்கிட்டிருந்தா என் வேலை போயிடும்.”

அதிகாரி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“என்ன போட்டாங்க?”

“டைம் கேட்டதா போட்டுட்டா” என்றார் ஈனஸ்வரத்தில்.

“பரவாயில்லை, ரெண்டு மணிக்குத் திரும்ப வரும். நான் இங்கேதான் இருப்பேன். அப்ப கேட்டுக்கலாம்.”

அவர் முத்திரையைத் தேடி எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாடிக்கையாளர் எண் கேட்ட இடத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். அக்காவின் போன் எண்ணைக் கம்ப்யூட்டரிலிருந்து தன் கையாலேயே நீக்கி, நீக்கியதாகத் தாளில் எழுதினார். அக்கா வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நடுவில் ஓர் இலக்கம் பிசகியிருந்தது. திருத்தச் சொல்லி, திருத்தத்துக்குப் பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார்.

இரண்டு மணி வந்தது, போனது. போன் ஊமையாகக் கிடந்தது.

இரண்டே காலுக்குத் தெரியாத எண் ஒன்று. அக்கா முதல் மணியிலேயே எடுத்தார்.

“மேடம், லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்...”

ஒரு மனிதர் மாட்டிக்கொண்டதற்காக அக்கா வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. குரலில் அதைக் காட்டிக்கொள்ளாமல், “எந்தக் கட்டடம், எத்தனாவது மாடி?” என்றபடி வண்டிச் சாவியை எடுத்தார்.