உப்புப் பாயசமும் நாலாயிரம் சூத்திரங்களும்

1
இந்தக் கதை ஒரு வாய் உப்புப் பாயசத்தில் பிறந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில், விருந்தாளியாகப் போன இடத்தில் குடித்தேன். மற்றதெல்லாம் என் கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சமஸ்கிருத இலக்கண மரபில் இடைக்காலத்தில் ஏற்பட்ட—'

எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

2
புவனேஸ்வரி டப்பாவைத் திறந்தாள். (இது பரவாயில்லை. போகலாம்.) உள்ளே சேமியா. இந்தப் பக்கம் நெய், அந்தப் பக்கம் சர்க்கரை. சமையல்காரர் அந்தோணி மாஸ்டர் எதை எப்போது கொட்டுவாரோ அந்த வரிசையில் டப்பாக்கள் நின்றன. அவர் கை தானாகப் போகும். வாய் ஊர்க்கதை பேசும்.

பேக்கிங் பிரிவிலிருந்து வெள்ளோட்டமாக வந்தவள் அவள். இங்கேயே வைத்துக்கொள்வதா என்று கேன்டீன் மேலாளர் சுமலதா மேடம் இன்று சொல்லிவிடுவார். இங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து படிக்கலாம். பேக்கிங்கில் உட்காரவே முடியாது. அவளுக்குத் தபால்வழி சமஸ்கிருதத் தேர்வு வருகிறது.

(நம்பும்படி இல்லையே என்றார் கதையைப் படித்த நண்பர். அவளுக்கு எதையும் பிரித்துப் பார்க்கப் பிடிக்கும், ஐயா. மிக்ஸியைப் பிரித்தால் ஒரு திருகாணி மீந்துவிடும். இலக்கணத்தில் ஒன்றும் மீந்ததில்லை.)

3
சமஸ்கிருதத்தின் பழைய இலக்கணம் ஏறக்குறைய நாலாயிரம் குட்டிச் சூத்திரங்கள். ஒன்றில் சொன்ன சொல் அடுத்தடுத்த சூத்திரங்களுக்கும் தொடரும், திரும்பச் சொல்வதில்லை. சமபலமுள்ள இரண்டு விதிகள் மோதினால் பின்னால் நிற்பது வெல்லும். ஆக, வரிசைதான் உயிர். ஆனால் ஒரே ஒரு சொல்லை உருவாக்க நூல் முழுக்க ஓடவேண்டும். அதனால் இடைக்கால ஆசிரியர்கள் அதே சூத்திரங்களைக் கலைத்து, சந்தி ஓரிடம், பெயர் ஓரிடம், வினை ஓரிடம் என்று பொருள்வாரியாக அடுக்கினார்கள்.*

படித்ததும் புவனேஸ்வரிக்குக் கை பரபரத்தது. பருப்பெல்லாம் அலமாரியில் ஒரு தட்டு. பொடியெல்லாம் ஒரு தட்டு. வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒரு தட்டு.

* இடம் மாறிய ஒவ்வொரு சூத்திரத்தின் கீழும், முன்பு மேலிருந்து தொடர்ந்து வந்த சொற்களை அவர்கள் எழுதியும் வைத்தார்கள். புவனேஸ்வரி இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை. டப்பாக்களில் பெயர் ஒட்டவில்லை.

4
"மாஸ்டர், டப்பாலாம் மாத்தி வச்சிக்கீறேன். பாத்து—"

"எனக்கேவா? நான் கண்ண மூடிக்கினு சமைக்கிறவன்மா."

"அதான் பயமாக்கீது."

மாஸ்டரின் கை வழக்கமான இடத்துக்குப் போனது. ரெண்டு பெரிய கரண்டி. கிளறி, ருசி பார்த்த மாஸ்டரின் மீசை நட்டுக்கொண்டது.

"இன்னாமா இது! பழவேற்காட்டு உப்பு ஏரியக் கொண்டாந்து ஊத்திட்டியா?"

"போட்டது நீங்க."

"வச்சது நீ!"

"பழய மாதிரியே இருந்தா நீங்க லீவு போட்டன்னிக்கு யாரு சமைக்கிறது? உப்பு எங்க கீதுன்னு தேடி ஒரே பேஜாரு!"

"நான் லீவே போடமாட்டேன்."

"போன வாரம் போட்டீங்களே."

அவள் சர்க்கரை டப்பாவைத் தூக்கி அண்டாவில் அப்படியே கவிழ்த்தாள். "பின்னால வர்றதுதான் ஜெயிக்கும் மாஸ்டர்!"

"எந்த ஊரு சட்டம்மா இது?"

அந்த நேரம் பார்த்து சுமலதா மேடம் உள்ளே வந்தார். "இன்னிக்கு இன்னா ஸ்வீட்டு?"

"பாயசம் மேடம்" என்றார் மாஸ்டர்.

"மாதிரி" என்றாள் புவனேஸ்வரி.

5
என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்று: மேடம் துப்புகிறார், புவனேஸ்வரி பேக்கிங்குக்குத் திரும்புகிறாள். இன்னொன்று: மேடம் துப்புகிறார்; "கை என்னுது மேடம்" என்கிறார் மாஸ்டர்; டப்பாக்களில் பெயர் ஒட்டப்படுகிறது; அவள் இங்கேயே இருந்து படிக்கிறாள்.

இரண்டும் நடக்கக்கூடியவை. சமபலம். அதனால்தான் எனக்குப் பிடித்ததைப் பின்னால் வைத்தேன். (கண்டுபிடித்திருப்பீர்கள்.)

ஆனால் கலைத்து அடுக்கும் உரிமை இடைக்காலத்தோடு முடிந்துவிடவில்லை, உங்களுக்கும் உண்டு. சீக்கிரம். மேடம் டம்ளரை வாயருகே கொண்டுபோய்விட்டார். எதைப் பின்னால் வைக்கப்போகிறீர்கள் என்று புவனேஸ்வரி உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.