ஐந்தாவது வௌவால்

வெள்ளைக் கிண்ணத்தின் மேல் சிவப்பு வௌவால்கள். தலைகீழாய்ப் பறக்கின்றன. வெளியே மழை.

எங்கள் சீன மொழியில் வௌவால் என்றாலும் பாக்கியம் என்றாலும் ஒரே ஓசை. தலைகீழ் என்றாலும் வந்துவிட்டது என்றாலும் ஒரே ஓசை. அதனால்தான் அரண்மனைக் கிண்ணங்களில் தலைகீழ் வௌவால்கள். ஐந்து. நீண்ட ஆயுள், செல்வம், நலம், நற்குணம். ஐந்தாவது, வயதாகித் தன் படுக்கையில் நிம்மதியாய்ச் சாவது.

அந்த ஐந்தாவதை வரைய மாட்டேன் என்று தூரிகையை வைத்துவிட்டேன்.

போன மாதம் என் கணவர் ஆறாத சூளைக்குள் போனார். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு போனார். உயிரோடு திரும்பவில்லை. சக்கரவர்த்தியின் பிறந்தநாள் வருகிறதாம். சூடு ஆறும்வரை பொறுக்க முடியாதாம். அவருக்கு முப்பத்திரண்டு வயது. எந்தப் படுக்கை, என்ன நிம்மதி?

இன்னும் வரையாத மீதிக் கிண்ணங்கள் இப்போது அதே சூளையில் வெந்து முடிந்திருக்கின்றன. நாளை அவர் தம்பி லியாங் உள்ளே போய் எடுக்க வேண்டும். "பாத்துக்கலாம் அண்ணி," என்று சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேற்பார்வையாளர் பான் வந்தார். மேசையில் நாற்பது கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் நான்கே வௌவால்கள்.

"ஏம்மா, நாலோட நிறுத்திட்ட?"

"சூளை ஆறட்டும் ஐயா. நாலு நாள். அப்புறம் வரையறேன்."

"வேற ஆள வச்சு முடிச்சுக்குவேன்."

"முடிச்சுக்குங்க."

பக்கத்தில் வரைந்துகொண்டிருந்தவள் தன் தூரிகையைக் கழுவி வைத்தாள். அடுத்தவளும் கழுவினாள். அதற்கு அடுத்தவளும். வரிசை முழுக்கத் தண்ணீர்ச் சத்தம். நான் யாரையும் கேட்கவில்லை.

நான்கு என்றாலும் சாவு என்றாலும் எங்களுக்கு ஏறக்குறைய ஒரே ஓசைதான். பிறந்தநாள் விருந்துக்கு நாற்பது கிண்ணம் சாவை அனுப்ப எவருக்குத் துணிச்சல் வரும்? பானுக்கு அது புரிய வெகுநேரம் ஆகவில்லை.

"தலை போயிடும்மா," என்றார் மெதுவாக.

"யார் தலை ஐயா?"

அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

நான்கு நாள் சூளை வாசல் அடைத்தே கிடந்தது. நான்கு நாளும் மழை. ஐந்தாம் நாள் காலையில் லியாங் காய்ந்த சட்டையோடு உள்ளே போனான். அடுக்கு அடுக்காய் எடுத்துக்கொண்டு, காய்ந்த சட்டையோடு வெளியே வந்தான். நான் வாசலிலேயே நின்று பார்த்தேன். அழுதேன். அதில் என்ன வெட்கம்?

பிறகுதான் ஐந்தாவதை வரைந்தேன். நாற்பதிலும் வரைந்தேன். ஒவ்வொரு வௌவாலையும் லியாங்கின் பெயரைச் சொல்லி வரைந்தேன்.

சக்கரவர்த்திக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.