கடைச் சுவரில் பிரவீனாவின் படம்

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் காந்தாவுக்கு இருபது நாளாக வலது கண் சிவந்திருந்தது. கடைசியில் கண் டாக்டரிடம் போனாள். கருவிழியில் புண், ஆறினாலும் தழும்பு நிற்கும், முன்னமே வந்திருக்க வேண்டும் என்று அவர் கடிந்துகொண்டார்.

பார்க்க வந்த பக்கத்து வீட்டு பிரவீனாவிடம் காந்தா ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினாள்.

"நந்தியாவட்டைப் பூ சொட்டு மருந்தும்மா. கடையில உன் போட்டோ ஒட்டி வச்சிருக்காங்க. நம்ம பிரவீனாவே சொல்லுதேன்னுதான் ஊத்திக்கினு இருந்தேன்."

பிரவீனா பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அவள் பார்மசி கல்லூரி ஆசிரியை. அந்தப் பூவின் சாறு, கண்ணாடித் தட்டில் சில கிருமிகளை வளரவிடாமல் தடுத்தது என்று போன வருடம் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். மனிதக் கண்ணில் சோதிக்கவில்லை என்றும் அதிலேயே எழுதியிருந்தாள்.

சீல் உடைக்காத புது பாட்டில் ஒன்றை வாங்கி ஆய்வகத்தில் சோதித்தாள். இரண்டே நாளில் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்தது. மருந்து ஆய்வாளருக்குப் புகார் அனுப்பிவிட்டு, நேரே சின்ன காஞ்சிபுரத்துக் கடைக்குப் போனாள். வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சுவரில் 'விஞ்ஞானம் ஒப்புக்கொண்ட மருந்து' என்ற எழுத்துக்குக் கீழே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் படத்த எடுங்க."

கடைக்காரர் தேவேந்திரன் எழுந்திருக்கவில்லை. "கிருமி சாவுதுன்னு நீங்கதானே எழுதுனீங்க டீச்சர்?"

"தட்டுல நடந்தத எழுதுனேன். கண்ணுல ஊத்தச் சொல்லல."

"நம்ம முன்னோர் வைத்தியத்தையே கேவலப்படுத்துறீங்களா?"

"பூவ நான் ஒண்ணும் சொல்லல. அதுக்காக மூணு வருஷம் உழைச்சவ நான். உங்க பாட்டில்லதான் கிருமி இருக்குது."

"உங்க பிரின்சிபால் எனக்கு வேண்டியவரு. வேலைக்கே வேட்டு வச்சிடுவேன்."

"வச்சுக்கோங்க."

பிரவீனா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். போஸ்டரை மேலிருந்து கீழ்வரை கிழித்தாள். கூட்டத்தில் ஒரு பெண் வாங்கிய பாட்டிலைத் திருப்பி வைத்தாள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அடுத்த வாரம் அதிகாரிகள் மருந்தைப் பறிமுதல் செய்தார்கள். காந்தாவுக்குப் பார்வை முக்கால்வாசி திரும்பியது; மெல்லிய ஜரிகை மட்டும் பிடிபடவில்லை. பொது இடத்தில் தகராறு செய்தது ஏன் என்று கல்லூரி பிரவீனாவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது.

'கிழித்தது நான்தான். மறுபடி ஒட்டினால் மறுபடியும் கிழிப்பேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.